தலைகள் மட்டும்

நெல்சி விற்பது உடலை.
இறகு, கால், தலை கிள்ளி எறிந்து
மீதியை உப்புநீரில் அலசி
சட்டியில் வெடிக்க வெடிக்க வறுக்கிறாள்.
ஏப்ரல் மழை விட்ட மறுநாள் வெயிலில்
பாரிச்சாராவில் பாதி ஊர்
ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு
புற்றுவாயில் குனிந்து நிற்கும்.
பறப்பதற்காக வெளியே வரும் ராணி எறும்புக்கு
இங்கே பெயர் குலோனா,
பெருத்த பிட்டக்காரி.
பெயர் வைத்தவர்களும்
அந்தப் பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குத் தலைகள் வேண்டும் என்றேன்.

"விலை தெரியாத சரக்கைக் கேட்கிறாயே, யானெத்!"
சிரித்துவிட்டு
எண்ணெய் டின்னில் பாதிக்கு அள்ளிப் போட்டாள்.
புகாரமங்காவுக்கு மூன்று மணி நேரப் பேருந்து.
மடியில் டின்.
உள்ளே சில தாடைகள்
உடம்பு போனது தெரியாமல்
ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன.
பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறிவிட்டார்.

தாய்வீட்டைவிட்டுக் கிளம்பும்போது
தோட்டத்தில் ஒரு கிள்ளு பிய்த்து
வாய்க்குள் இருக்கும் பையில்
அடக்கிக்கொள்வாள் ஒவ்வொருத்தியும்.
கசகசா அளவு.
காற்றில் நடக்கும் கல்யாணத்துக்கு அதுதான் சீதனம்.
பிறகு மண்ணைத் தோண்டி இறங்கி
இருட்டில் அதைத் துப்பி
தன் கழிவையே எருவாக இட்டு
தான் பட்டினி கிடந்து வளர்க்க வேண்டும்.
பிழைத்தால்
லட்சக்கணக்கான வாய்களுக்கு அது சோறு.
நெல்சியிடம் அகப்பட்டால்
குப்பைக்கூடையில் தலையோடு விதைநெல்.

எறும்பு இலையைத் தின்பதில்லை;
இலையைத் தின்னும் பூஞ்சையை எறும்பு தின்னும்.
ஒரு புற்று, ஒரு பயிர்.
வேறெதையும் முளைக்க விடாது.
பரீட்சையில் நானும் இப்படி எழுதித்தான்
மதிப்பெண் வாங்கினேன்.

அறுபது தலைகள்.
ஊசியால் பையைத் திறந்து
அறுபது தட்டில் விதைத்தேன்.
எதிர்பார்த்த வெள்ளை மெல்லத்தான் வந்தது,
பன்னிப் போட்ட பஞ்சு மாதிரி.
அதற்கு முன்பே பந்தியில் உட்கார்ந்துவிட்டன
அழைக்காத விருந்தாளிகள்:
தயிர்ச்சொட்டாக ஈஸ்ட்கள்,
அவற்றில் ஒன்று இளஞ்சிவப்பு.
தேங்காய் வாசத்தோடு ஒரு பச்சை.
தார் தெளித்ததுபோல் ஒரு கறுப்பு,
நகத்தால் சுரண்டினாலும் வராது.
ஓரிரவில் பழுப்பேறிப்
பயிரை அமுக்கிய களை
(அவனைத் தெரியும், பழைய திருடன்).
சாம்பல் நூலாக
ஓரத்திலேயே நின்றுவிட்ட இன்னொன்று.
எந்த அட்டவணையிலும் அதைக் காணோம்.

பேராசிரியர் ஓர்தோன்யெஸ்
மூடிகளின் மேல் நீல மையில்
மாசு, மாசு என்று எழுதிக்கொண்டே போனார்.
"கையுறை மாற்றினாயா?"
மாற்றினேன்.
மறுபடி அறுபது. மறுபடி அவை வந்தன.
கறுப்பு மட்டும் பதினேழு தலைகளில்.
பதினேழு முறையும்
ஒரே அழுக்கா படியும்
என் கையில்?
கேட்கவில்லை.
'மாசு' எழுதிய தட்டுகளை
குளிர்பெட்டியின் அடித்தட்டில்
ரொட்டித்தூள் பைக்குப் பின்னால் அடுக்கினேன்.

நெல்சி தொலைபேசியில் கேட்டாள்:
"தலைக்குள் என்னதான் இருந்தது?"
கூட்டம், என்றேன். பெயர் தெரியாத கூட்டம்.
"வறுத்தால் எல்லாம் ஒரே ருசி"
என்று வைத்துவிட்டாள்.

அடுத்த மழைக்கு
காபித்தூள் பாட்டிலில் சிவப்பு மண் நிரப்பி
தலையோடு ஒருத்தியைக் கொடுத்தனுப்பினாள்.
காசு கேட்கவில்லை.

இரண்டு நாள் தோண்டினாள் ராணி.
கண்ணாடியை ஒட்டியே அறை எடுத்தது என் அதிர்ஷ்டம்.
மூன்றாம் நாள் துப்பினாள்.
சிவப்பு விளக்கில் பார்த்தேன்:
பின்பக்கத்தை வளைத்து ஒரு சொட்டு,
திரும்பி முகர்ந்து,
இன்னொரு சொட்டு.
இருபதாம் நாள் வெள்ளை
மிளகளவு ஆனது, அதன் மேல் முட்டைகள்.

வலது ஓரத்தில் அந்தச் சாம்பல் நூல்.

வந்தாள். மீசையால் தடவினாள்.
களையென்றால் இந்நேரம் பிடுங்கி
மூலையில் கொண்டுபோய்ப் போட்டிருப்பாள்;
நேற்று ஒரு பச்சைப் புள்ளியை அப்படித்தான் செய்தாள்.
நூலின் மேல் ஒரு காலை வைத்தபடி
வெகுநேரம் நின்றாள்.

பாட்டிலில் ஒட்ட எடுத்த சீட்டு
என் கையில் வெறுமையாக இருந்தது.
அவள் திரும்பி
முட்டைகளை நக்கப் போனாள்.