மாவுக்கட்டு மரம்

மே மாதத்து முதல் திங்கள்.
டூங்காபி ரயில் பாதைக்குப் பின்னால்
சின்ன மேசைகளில் பதினோரு பேர்
மரம் செய்ய உட்கார்ந்தோம்.

முன்கை, அடிமரம்.
விரல்கள், கிளைகள்.
தாளில் கையை வைத்துச் சுற்றி வரைந்து
பழுப்பு பூசி
டிஷ்யூ காகிதத்தைக் கசக்கி ஒட்டவேண்டும்
சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு.
பத்து நிமிடம் ஆகும் என்று
திட்டத்தாளில் எழுதியிருந்தேன்.
எழுதியபோது அறையில் நான் தனியாக இருந்தேன்.

ஹார்ப்பர் தாளை விட்டுவிட்டு
தோள்வரை தன்னையே பூசிக்கொண்டாள்.
வின் உள்ளங்கையில் பசையைக் காயவிட்டு
முழுசாக உரித்து
ரேகைகளோடு எனக்குப் பரிசளித்தான்.
மகிழினி மஞ்சளைத் தொடமாட்டாள்.
ஏன் என்றால்
"அது கத்துது" என்றாள்.

ஏலியா மட்டும் நாற்காலி நுனியில்.
ஊஞ்சலிலிருந்து விழுந்து மூன்று வாரம்.
வலது கையில் பச்சை மாவுக்கட்டு,
அதன்மேல் டைனோசர் படங்கள்,
ஒன்றுக்குத் தலை கிழிந்திருந்தது.
"எனக்கு மரம் இல்ல."
முறையீடாகச் சொல்லவில்லை
வெளியே மழை என்பதுபோல் சொன்னான்.

இடது கை இருக்கிறதே என்றேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது மரம் இல்ல. இது சும்மா கை."

சரி, கட்டையே வை.

கிரேயான் அதைச் சுற்றிவர நேரம் பிடித்தது.
தூக்கிப் பார்த்தால்
தாள் கொள்ளாத அடிமரம்,
உச்சியில் ஐந்து குட்டைக் குச்சிகள்,
மின்கம்பிக்காக நகராட்சி வெட்டிவிட்டுப் போன
தெருமரம்போல.
நான் எதையோ சமாளிக்க வாயெடுத்தேன்.
அதற்குள் வின் தன் மரத்தைக் கொண்டுவந்து
அதன்மேல் வைத்தான்.
"உள்ளே போயிடுது! என் மரம் உள்ளே போயிடுது!"

அவ்வளவுதான்.
ஹார்ப்பர் கைத்துண்டைச் சுற்றிக்கொண்டாள்.
ஒருத்தி இரண்டு காலுறை,
ஒருவன் காலியான கிச்சன் ரோல்,
மகிழினி என் கம்பளிச் சட்டையின் கையை
என்னைக் கேளாமலே.
எல்லோருக்கும் பருத்த மரம் வேண்டும்.
காகிதம் தீர்ந்து
பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில் வரைந்தோம்.
மதியச் சாப்பாடு ஆறியது.

வேலியோரம் ஒரு யூகலிப்டஸ் உண்டு.
அது இந்த வேலையில் சேரவில்லை.
சிவப்பாகவும் இல்லை, உதிர்க்கவும் இல்லை.
கார் நிறுத்துமிடத்து லிக்விடாம்பர் ஒன்றுதான்
பேட்டைக்கே இலையுதிர்காலத்தைச் செய்துகொண்டிருந்தது.
"இதோட இலை எப்போ விழும்?"
இதற்கு அந்தப் பழக்கம் இல்லை என்றேன்.
இது பட்டையைத்தான் கழற்றும்,
கோடையில் தொடங்கியதை
இன்னும் முடிக்கவில்லை, பாருங்கள்.
பார்க்காமல் ஓடிப்போனார்கள்.

சுவரில் பதினோரு தடி மரங்கள்.
யாராவது கதவைத் திறந்தால்
நாலைந்து டிஷ்யூ விழும்.
ஆறு மணிக்குப் பெருக்குவேன்.
ஒரு நாள் ஆரஞ்சு, ஒரு நாள் சிவப்பு.
மஞ்சள் மட்டும்
நல்ல பசை போட்டிருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஏலியா
நீளக் கைச்சட்டையோடு வந்தான்.
காலை முழுக்க விரல்நுனிகூடக் காட்டவில்லை.
வெளியே விட்டதும் நேரே வேலிக்குப் போனான்.
யூகலிப்டஸ் பட்டை சுருண்டு தொங்கிய இடத்தில்
அடியில் புது மரம்
பாலேடு நிறத்தில், வழவழவென்று.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
சட்டைக் கையைச் சுருட்டினான்.
மெலிந்து, வெளுத்து
செதிள்செதிளாய்த் தோலுதிரும் கை.
அதை மரத்தோடு ஒட்டிவைத்து
"உன்னதையும் வெட்டி எடுத்தாங்களா?"
"ரம்பம் சத்தம் போட்டுச்சா?"

நான் குழாயடியில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தேன்.
கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிற்பகல் தானே ஒரு தாள் எடுத்துவந்தான்.
கையை வைத்தான்.
கிரேயான் மணிக்கட்டைத் தாண்டும்போது
"கூசுது, கூசுது" என்று
மேசை ஆடச் சிரித்தான்.
கோடு அங்கே நெளிந்துவிட்டது.
அழித்து வரையட்டுமா என்றேன்.
வேண்டாமாம்.
பருத்ததன் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்:
ஒல்லியாக,
இடுப்பில் கொஞ்சம் ஒடிந்து,
இலை இன்னும் ஒட்டவில்லை.