காலித் திரை

தங்கச்சிமடத்தில், நண்டுக் கம்பெனி வாசலில்
பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கொடுத்தார்கள்,
ஒரு கால் கொஞ்சம் குட்டை.
பையில் என் செயலியின் ஏழாவது மாதிரி:
ஸ்கிரீன்ஷாட்களை அதுவே படித்து
அதுவே பிரித்து
அதுவே அடுக்கி வைக்கும்.
ஆறு பேரிடம் சோதித்து வரச் சொல்லியிருந்தார்கள்.
மெல்சியா நாலாவது ஆள்.

கணக்கு எழுதுகிறவள்.
இடக்கையில் போன், வலக்கையில் தராசுக் கொக்கி.
நான் வைத்த பொத்தானோ மேலே, வலது மூலையில்.
கட்டைவிரல் எட்டவில்லை.
எட்டியபோது, விரலில் நண்டுத் தண்ணீர்,
கண்ணாடி அவளை ஏற்கவில்லை.
சுடிதார் ஓரத்தில் துடைத்து, ஊதி, மறுபடி தொட்டாள்.
‘தயக்கம்: பதினோரு நொடி’ என்று நோட்டில் எழுதினேன்.
அது தயக்கமே இல்லை.
அடித்துவிட்டு ‘ஈரம்’ என்று எழுதினேன்.

நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
செயலி மூன்று நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது.
பிறகு பணம் என்று ஒரு பெட்டி,
சமையல் என்று ஒரு பெட்டி
(நண்டு விலைப்பட்டியல் முழுக்க அதில்),
காற்று எச்சரிக்கையின் வண்ணப் படங்கள் எல்லாம் ஓவியத்தில்,
மீதி மூவாயிரமும் மற்றவை.

பழைய படம் ஏதாவது தேடுங்களேன் என்றேன்.
எந்த மாதம் என்று கேட்டது திரை.
“மாசமெல்லாம் யாருக்குத் தெரியும்?
அது கச்சான் அடிச்சப்ப.”
மைக்கை அழுத்தி அதையே சொன்னாள்.
கச்சேரி என்று கேட்டுக்கொண்டது செயலி.
கச்சேரி எதுவும் கிடைக்கவில்லை.

எதுவும் கிடைக்காதபோது வருகிற திரைக்கு
நான்தான் சித்திரம் போட்டிருந்தேன்:
நீலக் கோட்டில் இரண்டு அலை,
நடுவில் வெறும் படகு.
சோழிங்கநல்லூரில் நாலாவது மாடியில்
ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தது.
அமைதியாக இருக்கிறதென்று எல்லோரும் சொன்னார்கள்.

மெல்சியா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
“இதுல ஆளு எங்க?” என்றாள்.

நான் வாய் திறப்பதற்குள் செயலி முந்திக்கொண்டது:
ஒரே மாதிரி 61 படங்கள் உள்ளன. நீக்கலாமா?
நீக்கு என்பது பச்சையில், பெரிதாக.
வேண்டாம் என்பது சாம்பலில், தேடினால் தெரிகிற மாதிரி.
அந்த அளவுகளும் என் முடிவுதான்.

அறுபத்தொன்றிலும் ஒரே முகம்,
தம்பி ரூபஸ்டன், அதே கறுப்புக் கண்ணாடி.
பெயருக்குக் கீழே ‘கடைசியாகப் பார்த்தது’,
அதன் பக்கத்தில்தான் வித்தியாசம்:
3:12. 2:50. 4:05.
டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிற ஒவ்வொரு முறையும்
டவர் அறுந்த நேரம்.
கரைக்கு வந்து அவன் போனைத் திறந்தால்
அந்த நேரம் போய்விடும்.
அதற்கு முன்னால் எடுத்து வைத்துவிடுகிறாள்.

“வரலைன்னா ஆபீசுல முதல்ல இதைத்தான் கேப்பாங்க,
கடைசியா எத்தனை மணிக்குன்னு.
வந்துட்டா அழிச்சிரலாம்.
எங்க, மறந்துபோகுது.”
உள்ளேயிருந்து யாரோ மூன்றரைக் கிலோ என்று கத்த,
எழுதிக்கொண்டாள்.

ராத்திரி லாட்ஜிலிருந்து இதையெல்லாம் அனுப்பினேன்.
‘எட்ஜ் கேஸ்’ என்று பதில் வந்தது,
கூடவே மஞ்சள் கட்டைவிரல் ஒன்று.
நான் பச்சையையும் சாம்பலையும் இடம் மாற்றினேன்,
யாரையும் கேட்கவில்லை.
தூக்கம் வராமல் படகில் ஒரு ஆளை வரைந்து
மெல்சியாவுக்கு அனுப்பினேன்.

காலையில் ஒரு குரல் பதிவு,
பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம்:
“ஒத்தை ஆளா?
வலையை யாரு இழுக்கிறது?”

நாலு பேரை ஏற்றினேன்.
அந்தச் சின்ன அளவில் நாலு பேரும் நாலு புள்ளி.
ஒரு புள்ளிக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன்,
எவ்வளவு பெரிதாக்கினாலும்
தெரியாது.