வேனில்

வைகாசி வெக்கையில்
ஜெராக்ஸ் மிஷினே மூச்சு வாங்கிய மத்தியானம்
அருள்புரம் லைன் வீடுகளுக்கு எதிரே
போலீஸ் வேன் வந்து நின்றது.
உள்ளே பதினோரு பேர் உட்காரலாம்.

பதினோரு பேரை ஏற்றினார்கள்.

பன்னிரண்டாவதாக நின்றவள் ஷெஃபாலி.
இடுப்பில் தூலி,
கையில் சோறு கிளறிய கரண்டி.
"எடமில்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்"
என்றார் ஏட்டய்யா.
நாளைக்கு அவருக்குத் தேர் பந்தோபஸ்து.

அவள் புருஷன் ரூபுலைப் பிடித்தது
கார்டில் ஊர்ப்பெயர் பிழை என்று.
பிழைதான். எனக்குத் தெரியும்.
மூன்று வருஷம் முன்பு
காண்ட்ராக்டர் சென்னியப்பன்
ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்த கத்தையில்
எல்லாக் கார்டுக்கும் ஒரே ஊர்,
ஒரே இடத்தில் ஒரே எழுத்து விட்டுப்போயிருந்தது.
படித்துப் பார்த்துவிட்டுத்தான்
லேமினேஷனுக்குள் சொருகினேன்.
ஒண்ணு இருபது ரூபாய்.

அதே கத்தையில்
ஏழாம் ரூம் மொஃபிசுல் கார்டும் இருந்தது.
மொஃபிசுல் கட்டிங் மாஸ்டர்.
அவன் கதவை யாரும் தட்டவில்லை.
கிறிஸ்துமஸ் ஷிப்மெண்ட் ஓடும் மாதங்களில்
யார் கதவையும்தான்.

பேச்சைப் பெயர்த்துச் சொல்ல
மால்டாக்காரன் ஒருத்தனைக் கூட்டி வந்திருந்தார்கள்.
தண்ணிக்கு உங்க ஊர்ல என்ன பேரு என்று
ஒவ்வொருத்தரையும் கேட்கச் சொன்னார்கள்.
பானி என்றவர்கள் இந்தப் பக்கம்.
எல்லாம் முடிந்து வேன் போனபிறகு
என் கடை வாசலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு
அந்த ஆளும் கேட்டான்:
"பானி, அக்கா."
ஒரு சொம்பு கொடுத்தேன்.

சனிக்கிழமை ஷெஃபாலி கம்பெனிக்குப் போனாள்.
வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார்.
அதே செக்கிங் டேபிள், அதே டியூப்லைட்,
பீஸுக்கு மட்டும் இருபத்தஞ்சு பைசா குறைவு.
லைன் வீட்டுக்காரர் வாடகையில் ஐநூறு ஏற்றினார்,
"ரிஸ்க்குங்க அம்மிணி" என்றார் என்னிடம்.
இருக்கலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை,
போ என்றும் சொல்லவில்லை.
ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டால்
பிள்ளைக்குச் செருப்பு மாட்டி
உட்கார்ந்திருப்பாளாம்.

திங்கட்கிழமை வந்தாள்.
தூலியின் பிறப்புச் சான்றிதழ்:
திருப்பூர் ஆஸ்பத்திரி, மாநகராட்சி முத்திரை,
தமிழில் ஒரு பிழை கிடையாது.
எத்தனை காப்பி என்றேன்.
ரெண்டு விரல் நீட்டினாள். மடக்கினாள்.
அஞ்சு விரலையும் விரித்துப் பார்த்தாள்.
யார் யார் கேட்பார்களென்று
எனக்கு மட்டும் தெரியுமா?
பத்து போட்டேன்.
காசு நீட்டினாள்,
வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

அவள் படியிறங்கவும்
சென்னியப்பன் வண்டியை ஸ்டாண்டு போடவும் சரியாக இருந்தது.
கையில் புதுக் கத்தை.
"பிலிம் இருக்குதுங்களா அம்மிணி?"

"இல்லீங்க."

லேமினேஷன் உண்டு என்று
வாசலில் நானே எழுதித் தொங்கவிட்ட அட்டையை
அவர் நிதானமாகப் படித்தார்.
வண்டியை எடுக்கவில்லை.