ஆள்காட்டி

சாம்பல் குளத்துக்குக் கிழக்கே
குழாய் ஒழுகி ஒழுகி வெளுத்துப்போன மேட்டில்
நாலு கல் கிடந்தது.
மூன்று தடவை தாண்டிப் போனேன்.
நாலாவது தடவைதான்
கல்லுக்கு ஏது இத்தனை ஒழுங்கு என்று பட்டது.
கூர்முனைகள் நான்கும் உள்பார்த்து,
தலை சேர்த்துப் படுத்த பிள்ளைகள் மாதிரி.

படிவத்தில் எழுதினேன்:
கூடு எண் ஒன்பது. அத்திப்பட்டு, வடகரை.
முட்டை நான்கு.
கூட்டுப் பொருள்: கிளிஞ்சல் துண்டு, நிலக்கரித் தூள்,
ஒரு பாட்டில் மூடி.
போன வருஷம் இதே நாளில் இதே கரையில் முப்பத்தொன்று.
அந்தக் கட்டத்தை நிரப்பும்போது
பேனாவை இரண்டு தடவை உதறினேன்
மை வராதது போல.

பிறகு மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி கட்டி
பத்தடி தள்ளி நட்டேன்,
லாரிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று.

திரும்பும் வழியில் எட்டாம் கூட்டைப் பார்த்தேன்.
ஏழாம் கூட்டை. ஐந்தை.
குச்சி நட்ட இடமெல்லாம் உடைந்த ஓடு.
குச்சி உச்சியில் எச்சம்.
காகம் உட்கார்ந்து பார்க்க
நாற்காலி போட்டுக் கொடுத்தது நான்தான்.

தலைக்கு மேலே அது சுற்றிச் சுற்றி வந்தது.
ஆள் வந்தால் காட்டிக்கொடுக்கும் என்று
நாம் வைத்த பேர் அதற்கு.
அன்றைக்கு அது கத்தியது
நீதானே, நீதானே காட்டினே
என்றுதான் என் காதில் விழுந்தது.

குச்சிகளை எல்லாம் பிடுங்கிச் சுருட்டி
எண்ணூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
கண்டக்டர் குனிந்து பார்த்தார்:
"எந்தக் கட்சி மேடம்? கொடி புதுசா இருக்கு."

இப்போது அடையாளம் எல்லாம் மனசில்.
மூன்றாவது டவரிலிருந்து கழிமுகம் பார்த்து
நாற்பத்திரண்டு எட்டு.
உடைந்த சிமென்ட் குழாய்க்கு இடப்பக்கம்.
ஒரே ஒருவரிடம் மட்டும் சொன்னேன்,
விடியற்காலை முதல் நடை சாம்பல் ஏற்றும் தனிஸ்லாஸிடம்.
வானத்தில் காகம் இருந்ததால்
ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு
வாயால் மட்டும்.

"நாலு முட்டைக்கா இவ்ளோ ரகசியம்?
நம்ம வூட்ல ஒரு வேளைக்கே பத்தாது" என்று
வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் பார்த்தால்
நேராய் வந்த டயர் தடம்
மூன்றாவது டவர் தாண்டி
வயிறு தள்ளினாற்போல் வளைந்து
மறுபடி நேராய்ப் போயிருந்தது.
சாம்பலில் புதையாமலிருக்க
முன்னவன் தடத்தில்தான் பின்னவன் வருவான்.
நாற்பத்தாறு லாரிகளும் வளைந்தன,
எதற்கென்று நாற்பத்தைந்துக்குத் தெரியாமல்.

உச்சி வெயிலில்
தாய் எழுந்து நடக்கும்,
மின்நிலையத்து வெந்நீர் விழும் பக்கம் போகாமல்
வெகுதூரம் சுற்றிப் பறந்து
வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து
முட்டைமேல் ஈரமாய் உட்காரும்.
நான் பைனாக்குலரைக் கீழே வைத்துவிடுவேன்.
அதிக நேரம் பார்ப்பதும் ஒரு குச்சிதான்.

இருபத்தாறாம் நாள் கோடைமழை.
சாம்பல் குழம்பாகி, குழி நிரவி,
ஓடு இல்லை, குஞ்சு இல்லை, ஒரு இறகு இல்லை.
பொரிந்த சில மணி நேரத்தில் நடந்துவிடும் ஜாதி.
நடந்திருக்கலாம்.
பொரிந்தது, அழிந்தது, தெரியவில்லை என்று
படிவத்தில் மூன்று கட்டம்.
மூன்றாவதில் குறி போட்டேன்.

தடம் இன்னும் வளைந்துதான் போகிறது.
மீஞ்சூரிலிருந்து வந்த புது டிரைவர் கேட்கிறான்:
"இன்னாத்துக்குணா இங்க மட்டும் ஒடிக்கிறீங்க?"
"அப்டித்தான்" என்கிறார் தனிஸ்லாஸ்,
பீடியைத் தட்டியபடி.

கோரைப் புதருக்கு அப்பால் எங்கேயோ
யாரையோ பார்த்து ஒரு கத்தல்.
நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.