பதினொன்று புள்ளி நான்கு

மருத்துவமனை முகப்பில் ரத்ததான முகாம்.
லோசலின் என் மோதிர விரலைத் துடைத்துக்
குத்தினாள்.
கருவி கொஞ்சம் யோசித்து
பதினொன்று புள்ளி நான்கு என்றது.
பன்னிரண்டரை வேண்டும்.
"இன்றைக்கு வேண்டாம், கண்ணே" என்று
உலர்திராட்சைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள்.
ரத்தம் எப்படிச் சிவக்கிறது என்று
ஒன்பது வருடமாய்ப் படித்துக்கொண்டிருப்பவள் நான்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

சால்ட் லேக் சிட்டியில் ஜனவரி.
பள்ளத்தாக்கின் மேல் புகை மூடி போட்டுவிட்டது.
சிவப்புத் தடத்து ரயில்
மலையடிவாரம் வரை ஏறி வந்து
கடைசி நிறுத்தத்தில் ஆளில்லாமல் மூச்சு வாங்குகிறது.

மூன்றாம் மாடி. ஐந்தாம் நாள்.
இரண்டு குழாய்களைச் சுழற்றி எடுத்தேன்.
ஒன்றின் அடியில் குந்துமணி.
மற்றதில் நொய்யரிசி.

நொய்யரிசிக்காரிக்கு ஒரே ஒரு மரபணு இல்லை.
அது இல்லாததால் ஹீம் இல்லை.
நான்கு வளையம் சேர்ந்த பெருவளையம்,
நடுவில் ஒற்றை இரும்பு, அவ்வளவுதான் ஹீம்.
பந்தி எல்லாம் தயாரான பின்
வந்து உட்காரும் மாப்பிள்ளை என்றுதான்
நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.
இல்லை.
முந்தின ராத்திரியே வந்து
அடுப்படியில் நின்று கணக்குக் கேட்கிறது.

குளோபின் மரபணுவின் வாசலில்
பாக்-ஒன் என்றொரு புரதம்
சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.
ஹீம் வந்து அதன்மேல் ஒட்டினால்
எழுந்து போகும்,
போன இடத்தில் நொறுங்கும்.
பிறகுதான் உள்ளே இருக்கும் எழுத்தை
யாராவது வாசிக்க முடியும்.

வாசித்தாலும் விட்டுவிடாது.
ஹீம் குறைந்தால் இன்னொரு புரதம் விழித்து
ரைபோசோம்களின் கையைப் பிடித்துக்கொள்ளும்:
பொறு.
குழம்பு கூடவில்லை,
சோறு மட்டும் வடித்துக் குவித்து யாருக்கு?
துணையில்லாத குளோபின்
செல்லுக்கே நஞ்சு.

வெளிறிய செல்களுக்கு ஹீமின் கொடுத்தேன்.
புட்டியில் அது சிவப்பே இல்லை,
வெயிலில் கருகிய பாசி மாதிரி இருந்தது.
இரண்டாம் நாள்
நொய்யரிசி ரோஜா நிறமாகிவிட்டது.
ஓடிப்போய் மாரென் சோரென்சனைக் கூட்டிவந்தேன்.
குனிந்து பார்த்தாள்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தாள்.
"நீ ஊற்றிய சாயம்தானே அது?"

சரிதான்.
வேட்டியில் சிவப்பென்றால்
குங்குமமா, வெற்றிலைக் கறையா?
நிறம் சாட்சி சொன்னால் எடுபடாது.

எனவே ஆர்என்ஏ.
பிரித்தெடுத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் தண்ணீர்தான்.
சிவப்பைப் பற்றிய அத்தனை கட்டளையும்
அதற்குள் நிறமில்லாமல் மிதக்கிறது.
எண்ணி அனுப்பச் சொல்லிவிட்டு
பத்து நாள் சரியாகத் தூங்கவில்லை.

எண்கள் வந்தன.
குளோபின் எழுந்திருந்தது.
அடங்கிக் கிடந்த எழுநூற்றுச் சொச்சத்தில்
பெரும்பாலானவை எழுந்திருந்தன.
நூற்று அறுபத்திரண்டு எழவில்லை.
காவல் போயும், கதவு திறந்தும்
அப்படியே கிடந்தன.
மூன்றாம் நாள் சொல்ல வேண்டியதை
ஐந்தாம் நாள் போய்ச் சொன்னேனோ என்னவோ.
மாரெனுக்கும் தெரியவில்லை.
"நல்லது" என்றாள், அதில் கேலி இல்லை.

பக்கத்துக் குழாயின் சிவந்த செல்களோ
கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்து
ஒவ்வொன்றாய்
ஏடு இருந்த கருவையே வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.
இனி அவற்றுக்கு
யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ரயிலில் மேலங்கிப் பைக்குள் கைவிட்டால்
அந்தத் திராட்சை.
கல்லாய் இறுகியிருந்தது.
தின்றேன், பல்லில் ஒட்டியது.
எட்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தாள் லோசலின்.
பட்டியலின் ஓரத்தில்
அந்தத் தேதியைக் குறித்து வைத்தேன்,
எழாத முதல் பெயருக்கு மேலே,
பேனா பனியில் உறைந்து
இரண்டு முறை கிறுக்கிய பிறகு.