ஏழாம் கேள்வி, ஆ பகுதி

வருசப் பிறப்பன்று எழுதின பட்டியலை
மாசி கடைசியில்தான் திரும்பப் பார்த்தேன்.
சீ.ஆர். கொப்பியின் முதல் தாள்,
சிவப்புப் பேனை, ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கோடு:
முதல் வகுப்பு எடுத்தல்.
ஆங்கிலம் சரளமாகக் கதைத்தல்.
விடிய நாலு மணிக்கு எழும்புதல்.
நல்ல மனுசியாக இருத்தல்.

கடைசியை வாசிக்கச் சிரிப்பு வந்தது.
அதற்கு எப்போது பரீட்சை,
ஆர் புள்ளி போடுவது?

பக்கத்துக் கட்டிலில் அபிதாரணி
ஈரத் தலையோடு
பாணைச் சம்பலில் தொட்டபடி கேட்டாள்:
“புள்ளிவிபரவியல் திரும்ப எழுதுறியெல்லே,
எப்ப படிக்கப் போறாய்?”
“இனித்தான்.”

இனித்தான் என்பது காரைநகர் பஸ்.
வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.
எத்தனை மணிக்கு என்று
ஒருத்தரும் சொல்லமாட்டினம்.

அன்றிரவு கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் முதல் வகுப்பைச்
சீவத் தொடங்கினேன்,
பென்சில் சீவுவது போல:
முதல் வகுப்பு,
பிறகு இந்தப் பாடத்தில் ஒரு பி,
பிறகு பழைய வினாத்தாள் ஆறு,
பிறகு பின்னேரம் நாலரைக்கு ஒரு கேள்வி,
நூலகத்தில், மின்விசிறி சுழலாத மூலையில்.
அங்கே கதைக்க ஒருத்தரும் வராயினம்.

நாலு மணியை வெட்டி ஆறரை போட்டேன்.
ஆறரைக்கும் மூன்று நாள் எழும்பவில்லை.
அதையும் எழுதி வைத்தேன்,
கடைக்காரர் கடன் கொப்பி எழுதுவதுபோல்
கோபமில்லாமல்.

ஆங்கிலத்துக்கு ஒரு புதன்கிழமை.
வகுப்பில் ஒரேயொரு வசனம், அவ்வளவுதான் திட்டம்.
பரமேஸ்வராச் சந்தியிலிருந்து
இராமநாதன் வீதி நெடுகச்
சைக்கிள் உழக்கியபடி சொல்லிப் பார்த்தேன்.
ஓட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து
“என்ன தங்கச்சி, தேவாரமோ?” என்றார்.
கையை உயர்த்தினேன்.
வசனம் வந்தது, வினைச்சொல் வரவில்லை.
பின்வரிசைக் கஜரூபன் சிரித்தானோ என்னவோ,
நான் கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு சரி போட்டேன்.
பிறகு யோசித்து, அதன் வாலைக்
கொஞ்சம் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எடுத்தார்.
“என்ன மாதிரிப் படிப்பு?”
வழமையாகப் பரவாயில்லை என்பேன்.
“ஆறு கேள்வி முடிஞ்சுது அப்பா,
ஏழாவதில அ பகுதியும்.”
“மொத்தம் எத்தினை?”
“நாற்பத்திரண்டு.”
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
காகங்கள் மட்டும் கேட்டன.
“சரி. சாப்பிட்டியோ?”

நல்ல மனுசியை மட்டும் வெட்டவில்லை.
எங்கே பிடித்துச் சீவுவதென்று தெரியவில்லை.
அபிதாரணிக்கு இருநூறு ரூபா
போன மாதத்திலிருந்து குடுக்கக் கிடக்கிறது;
அதைப் பக்கத்தில் எழுதினேன்.

நாளைக்கு:
ஏழாம் கேள்வி, ஆ பகுதி மட்டும்.
முன் சில்லுக்குக் காத்தடிக்க வேணும்.