வலப்புறம், எட்டாம் தளம்

கடல் தெரிகிற அறைதானே என்றான் ஹால்வார்ட்.
கரை தெரிகிற அறை என்றேன்.
எந்தக் கரை?
இந்தக் கரைதான் என்று
அவன் அலுவலக ஜன்னலைக் காட்டினேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.
"ஓட்னி, நீங்கள் குடியிருப்பதே இங்கேதானே."

குடியிருப்பதால்தான்.
இருபத்திரண்டு கோடையாக
ஸ்டாவங்கர் துறைமுகத்தில், என் சமையலறைக்கு எதிரே
வந்து நிற்கின்றன கப்பல்கள்,
தெருவைவிட நீளமாக, தேவாலயத்தைவிட உயரமாக.
ஜூலையிலும் காலைக் காப்பி விளக்கு போட்டுத்தான்.
பதினொரு மணிக்குமேல் வெயில்
புகைபோக்கியைத் தாண்டி வரும்,
யாரோ கடித்து மீதம் வைத்தது போல.

பால்கனிதோறும் வெள்ளை அங்கிக்காரர்கள்.
நான் மீனுக்கு முள் எடுப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.
லெய்டுல்ஃப் பெட்டியோடு வெளியேறிய காலையில்
ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்:
வெள்ளை மரவீடு, வாசலில் ரோஜா,
பெட்டியோடு ஒரு மனிதன்.
அவனும் பயணி என்று நினைத்திருப்பார்.
எந்த நாட்டிலோ, யார் வீட்டு ஆல்பத்திலோ
என் கணவன் இன்னும்
படி இறங்கிக்கொண்டே இருக்கிறான்.

ஹால்வார்ட் கப்பலின் வரைபடத்தை விரித்தான்.
பத்தாம் தளம் காலி, காட்சி அருமை என்றான்.
பத்தில் கூரை ஓடும் கடற்காக்கையும்தான் தெரியும்.
ஆறில் எஃகுத் தடுப்பு, எக்கித்தான் பார்க்கவேண்டும்.
ஏழை மறைத்துக்கொண்டு உயிர்காப்புப் படகுகள்
ஆரஞ்சு முதுகைக் காட்டும்.
எட்டு. கண்ணாடித் தடுப்பு.
பின்பக்கமாக, நாலாவது விளக்குக் கம்பத்துக்கு நேரே.

இடமா, வலமா?
"அதைமட்டும் யாராலும் சொல்ல முடியாது.
காற்றைப் பார்த்து கேப்டன் திருப்பியும் நிறுத்துவார்."

வலம் என்றேன்.
அந்தக் கப்பல் மூக்கை உள்ளே விட்டுத்தான் வரும்.
ஒரே ஒரு தடவை, ஒரு செப்டம்பரில், பின்பக்கமாக வந்தது;
அன்றைக்குக் கயிறு பிடித்த பையனின்
தொப்பி பறந்ததுவரை எனக்குத் தெரியும்.

பால்கனிக்கென்று கூடுதலாகப் பதினோராயிரம் குரோனர்.
கட்டினேன்.
விமானமும் ரயிலுமாக மாறி மாறி
கீல் நகரம்வரை போய்க் கப்பல் ஏறினேன்,
என் வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு.

மூன்றாம் நாள் ஐந்தரைக்கே விழிப்பு.
தீவுகள். பாலம். எண்ணெய்த் தொட்டிகள்.
காற்று நல்ல பிள்ளையாக இருந்தது, மூக்கு உள்ளே.
கரை நகர்ந்து நகர்ந்து வந்து
சரியாக என் முன்னால் நிறுத்தியது
என் வீட்டை.

இவ்வளவு சின்னதா.

ரோஜாவுக்குத் தண்ணீர் போதவில்லை.
மாடத்துக்கு மேலே சாயம் உரிந்திருக்கிறது,
உள்ளே இருப்பவளுக்கு அது தெரிய வழியில்லை.
சமையலறை ஜன்னலில் திரை.
இழுத்து மூடிய திரை.
ஊருக்குக் கிளம்பிய காலையிலும்
எதிரே ஏதோ ஒரு கப்பல் நின்றிருக்கவேண்டும்.
நானேதான் மூடியிருக்கிறேன்,
இருபத்திரண்டு வருடக் கை.

அங்கியோடு நின்றேன். வெள்ளை அங்கிதான்,
அலமாரியில் அது ஒன்றுதான் கதகதப்பாக இருந்தது.
காப்பி ஆறியது. இன்னொன்று வாங்கி வந்தேன்,
அதுவும் ஆறியது.

ஒன்பது மணிவாக்கில் திரையின் ஓரம் விலகியது.
பெர்க்லியோட். பூனைக்குத் தீனி வைக்க வந்தவள்.
கையை ஆட்டினேன்.
இரண்டு கையையும் ஆட்டினேன்.
பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டேன்,
பக்கத்துப் பால்கனிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அண்ணாந்தாள். நேராக என்னைத்தான்.
எங்கள் தெருவில் கப்பலைப் பார்ப்போமே,
அந்தப் பார்வை.

பிறகு திரையை இழுத்துவிட்டாள்,
ஒரு விரல் இடைவெளிகூட விடாமல்.